வெள்ளெழுத்து வந்த கண்ணுக்குப் பழைய கைத்துப்பாக்கியில் சைட் மாற்றுவது எப்படி?

நாற்பதைத் தாண்டியதும் செய்தித்தாளைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்துப் படிக்க வைக்கிற அதே வெள்ளெழுத்துதான், கைத்துப்பாக்கியின் குழல் முனையில் குறி பார்க்க வைத்திருக்கும் முன் சைட்டையும் மங்கலாக்குகிறது. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயதாக ஆக இறுகிவிடுவதால், கிட்டத்துப் பொருளுக்கு ஏற்ப வளைந்து கொடுப்பதில்லை. இலக்கு பளிச்சென்று தெரியும். முன் சைட் மட்டும் புகை படிந்தது போல இருக்கும். பழைய துப்பாக்கியில் இந்தத் தொல்லை இரட்டிப்பு: முன் சைட் உயரம் குறைந்த கறுப்புத் துண்டு, அதைப் பார்ப்பதற்காகக் கண்ணுக்கு அருகே உள்ள பின் சைட்டின் பள்ளமோ குறுகல்.

பலர் நேராகச் சைட் வாங்கப் போய்விடுகிறார்கள். அது தலைகீழான வரிசை. கண்ணாடியைச் சரிசெய்யாமல் எவ்வளவு நல்ல சைட்டைப் பொருத்தினாலும், மங்கலான பழைய சைட்டுக்குப் பதில் மங்கலான புதுச் சைட்தான் கிடைக்கும்.

படி 1: கண்ணிலிருந்து முன் சைட் வரை அளந்து பாருங்கள்

தோட்டாப் பெட்டியான மேகசினைக் கழற்றி, சேம்பர் (குழலில் தோட்டா உட்காரும் இடம்) காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். ரிவால்வர் என்றால் சிலிண்டரின் ஒவ்வொரு அறையையும் பாருங்கள். நீங்கள் வேலை செய்யும் வீட்டு அறையில் தோட்டாக்களே இருக்கக் கூடாது. துப்பாக்கியைப் பாதுகாப்பான திசையில் வழக்கம்போல் நீட்டிப் பிடியுங்கள். பக்கத்தில் நிற்கும் ஒருவர் கண்ணிலிருந்து முன் சைட் வரை டேப் வைத்து அளக்கட்டும். பெரும்பாலும் 60 முதல் 75 செ.மீ.க்குள் வரும்.

100ஐ அந்த செ.மீ. அளவால் வகுத்தால் தேவையான பவர் கிடைக்கும். 70 செ.மீ. என்றால் சுமார் 1.4. தூரப் பார்வைக்கு ஏற்கெனவே பவர் இருந்தால் அதன் மேல் இதைக் கூட்ட வேண்டும். கண்ணில் இன்னும் கொஞ்சம் நெகிழ்வு மிச்சமிருப்பவர்களுக்கு +0.75 அல்லது +1.00 போதும். இரண்டு பவருக்கு நடுவே தடுமாறினால் குறைவானதை எடுங்கள், இலக்கு அவ்வளவாக மங்காது.

படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுடுவது அதிகம் நடக்கும் தவறு. +2.50 கண்ணாடி 40 செ.மீ. தூரத்துக்கானது, முன் சைட்டோ அதைத் தாண்டி இருக்கிறது. பைஃபோக்கல், புரோகிரசிவ் கண்ணாடிகளில் கிட்டப் பார்வை கீழ்ப்பகுதியில் இருப்பதால் தலையை அண்ணாந்து பார்க்க வேண்டிவரும், கழுத்தும் பிடியும் கெடும். குறி பார்க்கும் கண்ணுக்கு ஒரே பவர் உள்ள பாலிகார்பனேட் லென்ஸ் போட்டுக்கொள்வதே நல்லது. விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் தெரிந்தாலோ, பார்வை திடீரென்று மாறினாலோ, அது சைட்டால் தீரும் விஷயம் அல்ல. முதலில் கண் மருத்துவரைப் பாருங்கள்.

படி 2: உங்கள் துப்பாக்கி எதற்கு இடம் கொடுக்கும்?

முன் சைட் மூன்று வகையாக இருக்கும். டவ்டெயில் காடியில் (அடி அகன்று மேலே குறுகிய வெட்டு) பக்கவாட்டாகச் செருகியிருந்தால் மாற்றுவது எளிது. பழைய 1911 வகைப் பிஸ்டல்களில் சைட்டின் அடிமுளையை ஸ்லைடின் (சுடும்போது முன்னும் பின்னும் நகரும் மேல் உறை) உள்பக்கத்திலிருந்து அடித்து விரித்துப் பூட்டியிருப்பார்கள், அதற்குத் தனிக் கருவியும் பழகிய கையும் வேண்டும். பழைய ரிவால்வர் பலவற்றில் முன் சைட் பேரலோடு ஒன்றாகவே இருக்கும், பின் சைட் என்பது மேல்சட்டத்தில் வெட்டிய வெறும் பள்ளம். அங்கே வண்ணம் பூசலாம், மாற்ற முடியாது.

காடி வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் ஒருமுறை நின்று யோசியுங்கள். வெட்டிய எஃகு திரும்ப வராது. சேகரிப்பாளர்கள் தேடும் துப்பாக்கியின் மதிப்பு அந்த ஒரு வெட்டில் சரிந்துவிடும்.

படி 3: வண்ணம் பூசிப் பாருங்கள்

இதைத் தவிர்க்காதீர்கள், எந்த நிறம் உங்கள் கண்ணுக்குப் பிடிபடுகிறது என்று செலவில்லாமல் தெரிந்துவிடும். அசிட்டோன் தொட்ட துணியால் முன் சைட்டில் கண்ணைப் பார்க்கும் முகத்தை மட்டும் துடைத்து எண்ணெய்ப் பசையைப் போக்குங்கள். முதலில் வெள்ளை நகப்பூச்சு, அது காய்ந்தபின் மேலே பளீர் பச்சை அல்லது ஆரஞ்சு. வெள்ளை அடித்தளம் இல்லாவிட்டால் கறுப்பு நிறம் வண்ணத்தை விழுங்கிவிடும். மேல் விளிம்பில் பூச்சு வழியக் கூடாது, உயரத்துக்குக் குறி வைப்பது அந்த விளிம்பை வைத்துத்தான். பகல் வெளிச்சத்தில் மனிதக் கண் அதிகம் உணர்வது 555 நானோமீட்டர் பக்கமுள்ள பச்சையை. ஆனாலும் இலக்கின் பின்னணி பச்சையாக இருந்தால் ஆரஞ்சுதான் எடுபடும்.

படி 4: பள்ளத்தை அகலமாக்குங்கள்

மங்கிய கண்ணுக்கு அதிகம் உதவுவது முன் சைட்டின் இரு பக்கமும் தெரியும் வெளிச்சக் கோடு. முன் சைட் 3.2 மி.மீ., பின் பள்ளமும் 3.2 மி.மீ., கண்ணிலிருந்து முன் சைட் 70 செ.மீ., இரண்டு சைட்டுக்கும் இடைவெளி 16.5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துக்கு 0.4 மி.மீ.க்கும் குறைவான வெளிச்சமே கிடைக்கும். பள்ளத்தை 3.8 மி.மீ. ஆக்கினால் அது ஏறக்குறைய 0.7 ஆகிவிடும். முன் சைட்டைத் தடிமனாக்கி, பள்ளத்தைப் பழையபடியே விட்டால் வெளிச்சம் அடைபட்டு நிலைமை மோசமாகும். பின் சைட்டில் புள்ளி எதுவும் வேண்டாம். வெறும் கறுப்பாக இருந்தால் கண் தானாக முன் சைட்டுக்குப் போகும்.

படி 5: ஃபைபரா, டிரிட்டியமா, சிவப்புப் புள்ளியா?

பகலில் சுடுபவருக்கு ஃபைபர் ஆப்டிக், அதாவது சுற்று வெளிச்சத்தை வாங்கி முனையில் பளிச்சிடும் பிளாஸ்டிக் குச்சி. 1.5 மி.மீ. குச்சி 1 மி.மீ. குச்சியைவிடக் கண்ணுக்கு எளிது. துப்பாக்கி துடைக்கும் கரைப்பான் பட்டால் குச்சி நொறுங்கும், உதிரி வைத்திருங்கள்.

கதிரியக்க வாயுவால் தானாக ஒளிரும் டிரிட்டியம் சைட் இருட்டில் மட்டுமே பயன். அதன் அரை ஆயுள் 12.3 ஆண்டு, ஆகவே பன்னிரண்டு ஆண்டுப் பழைய கையிருப்பு வாங்கினால் பாதி வெளிச்சம்தான் மிஞ்சியிருக்கும்.

சிறு கண்ணாடியில் ஒளிப்புள்ளியைக் காட்டும் சிவப்புப் புள்ளி சைட்டில் கண்ணை இலக்கின் மேல் வைத்தால் போதும், வெள்ளெழுத்துக்கு இதைவிட நல்ல தீர்வு இல்லை. ஆனால் ஆஸ்டிக்மாட்டிசம் (கருவிழியின் வளைவு சீராக இல்லாத குறை) உள்ளவர்களுக்குப் புள்ளி வால் முளைத்தோ சிதறியோ தெரியும். கைபேசியில் அந்தப் புள்ளியைப் படம் எடுங்கள். படத்தில் வட்டமாக இருந்தால் குறை சைட்டில் இல்லை, கண்ணில். பிரகாசத்தைக் குறைத்தால் சிதறலும் குறையும். பின் டவ்டெயிலில் தகடு வைத்துப் பொருத்தும் வகை ஸ்லைடை வெட்டாமல் காப்பாற்றும், பதிலுக்குப் புள்ளி உயரத்தில் நிற்கும்.

படி 6: பொருத்துதல்

பல நாடுகளில் உரிமம் பெற்ற துப்பாக்கிப் பணியாளர்தான் இந்த வேலையைச் செய்யலாம், உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். சில பிஸ்டல்களில் பின் சைட்டுக்கு அடியில் தோட்டாவை வெடிக்க வைக்கும் ஊசி தானாக நகராமல் தடுக்கும் ஃபயரிங் பின் பூட்டின் சிறு ஸ்பிரிங் இருக்கும். சைட் நகர்ந்ததும் அது துள்ளிப் பறக்கும், போனால் பாதுகாப்புப் பாகம் ஒன்று போனது போல. புதுச் சைட் இறுக்கமாக இருந்தால் சைட்டின் அடிப்பாகத்தைத் தேயுங்கள், ஸ்லைடின் காடியைத் தொடாதீர்கள். விரலால் தள்ளினால் மூன்றில் ஒரு பங்கு உள்ளே போக வேண்டும், மீதியைப் பித்தளைப் பஞ்ச் (சுத்தியலால் தட்டும் குச்சி) வைத்துத் தட்டுங்கள். எஃகுப் பஞ்ச் தழும்பு விடும்.

படி 7: உயரம் சரிதானா?

நீங்கள் வழக்கமாகச் சுடும் தோட்டாவாலேயே, மேசையில் கை தாங்கி, 15 மீட்டரில் ஐந்து குண்டு சுட்டுக் குவியலின் நடுவை அளந்து பாருங்கள். விலகலை இரண்டு சைட்டுக்கும் உள்ள இடைவெளியால் பெருக்கி, சுட்ட தூரத்தால் வகுக்க வேண்டும், எல்லாம் மி.மீ. கணக்கில். குண்டு 100 மி.மீ. கீழே விழுந்து, சைட் இடைவெளி 165 மி.மீ. ஆனால், 100 × 165 ÷ 15,000 = 1.1. முன் சைட்டின் உயரத்தை 1.1 மி.மீ. குறைக்க வேண்டும். மேலே விழுந்தால் அதே அளவு உயரமான முன் சைட் தேவை. அதனால் கடையில் உயரமான முன் சைட்டையே வாங்குங்கள், அரத்தால் தேய்த்துக் குறைக்கலாம். ஒரே நாளில் முழுவதும் தேய்க்காமல், பாதி தேய்த்து மறுபடி சுட்டுப் பாருங்கள்.