ஸகாத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுப்பது எப்படி

வசதியுள்ள முஸ்லிம் ஆண்டுதோறும் தன் செல்வத்தில் ஒரு பங்கை, பெரும்பாலும் நாற்பதில் ஒன்றை (2.5 சதவீதம்), ஏழைகள் முதலானோருக்குக் கொடுக்க வேண்டிய கடமைதான் ஸகாத். அதைக் கொடுக்கவே கொடுக்காதவர்களைவிட, கணக்குப் பார்க்காமல் கொடுப்பவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். ரமளான் வந்ததும் ஒரு தொகையைச் சில்லறையாக மாற்றி வைத்துக்கொண்டு, வாசலுக்கு வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்து முடித்துவிடுவார்கள். எவ்வளவு கடமையாகி இருந்தது என்று கேட்டால் பதில் இருக்காது. கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். அதனால் தெரிந்தவர்கள் ஸகாத் கணக்கையும் என்னிடம் கொண்டு வருகிறார்கள். அவர்களோடு உட்காரும்போது எந்த வரிசையில் போகிறேனோ அதையே இங்கே எழுதுகிறேன். கருத்து வேறுபாடு உள்ள இடங்களில் உங்கள் மத்ஹபை (நீங்கள் பின்பற்றும் சட்டப் பிரிவை) அறிந்த ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) கேட்டு முடிவு செய்யுங்கள்.

கணக்குக்கு முன்னால் ஒன்றை மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டும். தொழுகையாளிகளின் செல்வத்தில், கேட்பவருக்கும் கேட்காமல் ஒதுங்கி இருப்பவருக்கும் குறிப்பிட்ட ஓர் உரிமை உண்டு என்கிறது குர்ஆன் (70:24-25). அந்தப் பங்கு நம் பெட்டியில் இருந்தாலும் நம்முடையது இல்லை. நபி (ஸல்) அவர்கள் மறைந்த பிறகு, தொழுவோம், ஆனால் ஸகாத் தரமாட்டோம் என்று சில கூட்டத்தார் நின்றார்கள். தொழுகையையும் ஸகாத்தையும் பிரிப்பவர்களோடு போரிடுவேன் என்று அபூபக்ர் (ரலி) உறுதியாகச் சொல்லிவிட்டார்கள். அவ்வளவு கனமான கடமை இது. ரக்அத்தை (தொழுகையின் சுற்றை) எண்ணாமல் நாம் தொழுவதில்லை; இதையும் எண்ணாமல் கொடுக்கக் கூடாது.

முதல் வேலை, ஒரு நாளைக் குறித்துக்கொள்வது. உங்கள் செல்வம் நிஸாபை, அதாவது ஸகாத் கடமையாகும் குறைந்தபட்ச அளவை, எட்டிய நாளிலிருந்து ஒரு ஹிஜ்ரி (பிறை) ஆண்டு முடியும் நாள்தான் உங்கள் ஸகாத் நாள். அது ரமளானாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. முஹர்ரமிலோ ரஜபிலோ வந்தால் அப்போதே கொடுக்க வேண்டும். ரமளானின் நன்மைக்காகப் பல மாதம் தள்ளிப்போடுவது ஏழையின் பணத்தை நம்மிடம் நிறுத்தி வைப்பதாகும். எட்டிய நாள் நினைவில்லை என்றால், கூடுமானவரை யோசித்து ஒரு ஹிஜ்ரி தேதியை முடிவு செய்து, இனி அதையே பிடித்துக்கொள்ளுங்கள். பிறை ஆண்டுக்கு ஏறத்தாழ 354 நாள். கடைக் கணக்கை ஆங்கில ஆண்டுப்படி முடிப்பவர்கள் அந்தப் பதினொரு நாளையும் சேர்த்து, 2.5 சதவீதத்துக்குப் பதில் சுமார் 2.58 சதவீதம் கொடுப்பது நல்லது.

நிஸாப் என்பது தங்கத்தில் 20 தீனார், வெள்ளியில் 200 திர்ஹம். இன்றைய நிறையில் தங்கம் 85 கிராம், வெள்ளி 595 கிராம் என்று பலர் கணக்கிடுகிறார்கள், 87.48 கிராம், 612.36 கிராம் என்று கொள்பவர்களும் உண்டு. ரொக்கத்துக்கு எதை அளவாக வைப்பது என்ற கேள்வி எப்போதும் வரும். வெள்ளி விலை மிகக் குறைவாக இருப்பதால் அதை வைத்தால் நிறையப் பேர்மீது கடமையாகும். நான் வெள்ளியையே எடுத்துக்கொள்கிறேன். சந்தேகத்தில் ஏழைக்குச் சாதகமாக இருப்பதே மனதுக்கு நிம்மதி.

மாதச் சம்பளக்காரர்கள் ஒவ்வொரு மாதச் சேமிப்புக்கும் தனித்தனியாக ஆண்டு பார்த்துக் குழம்ப வேண்டாம். உங்கள் ஸகாத் நாளில் கையிலும் வங்கியிலும் என்ன இருக்கிறதோ எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். ஆண்டு நிறையாத பணத்துக்கு முன்கூட்டியே கொடுத்ததாக அது ஆகும். அப்பாஸ் (ரலி) அவர்கள் முன்கூட்டிக் கொடுக்கலாமா என்று கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் அனுமதித்திருக்கிறார்கள். வங்கி வட்டி இந்தக் கணக்கில் வராது. அது ஹராம் (தடுக்கப்பட்டது), 2.5 சதவீதம் கொடுத்தால் மீதி ஹலால் (அனுமதிக்கப்பட்டது) ஆகிவிடாது. அதை முழுவதும் தனியாகப் பிரித்து வெளியேற்ற வேண்டும்.

அப்புறம் நகை. அணிகிற நகைக்கும் ஸகாத் உண்டு என்பது ஹனஃபி மத்ஹப். அனுமதிக்கப்பட்ட விதத்தில் அணியும் நகைக்கு இல்லை என்பது ஷாஃபிஈ, மாலிக்கீ, ஹன்பலீ மத்ஹபுகளின் பிரபலமான கருத்து. சேமிப்புக்காக வாங்கிப் பூட்டி வைத்த தங்கத்துக்கு எல்லாரிடமும் ஸகாத் உண்டு. கணக்குப் போடுவது எளிது. 15 பவுன் நகை என்றால் 120 கிராம். 22 காரட் என்றால் அதில் சுத்தத் தங்கம் 24இல் 22 பங்கு, அதாவது 110 கிராம். அதில் நாற்பதில் ஒன்று 2.75 கிராம். அன்றைய சுத்தத் தங்க விலையில் 2.75 கிராமுக்கு என்ன வருமோ அதைக் கொடுத்தால் முடிந்தது. வாங்கிய விலை, செய்கூலி, சேதாரம் எதையும் பார்க்க வேண்டாம். கல் வைத்த நகையில் கல்லின் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள்.

நகை யாருடையதோ கடமை அவர்மீதுதான். மனைவியின் நகை மனைவியின் சொத்து. கணவர் கொடுக்க விரும்பினால், அவருக்குத் தெரிவித்து அவர் சார்பில் கொடுக்கலாம். இதை வீட்டில் பேசிக்கொள்ளாமல், அவர் கொடுத்திருப்பார் என்று இவரும் இவர் கொடுத்திருப்பார் என்று அவரும் இருந்துவிடுவது நடக்கிறது. ஒருமுறை உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

கடைக்காரர்கள்தான் அதிகம் திணறுகிறார்கள். அலமாரி, தராசு, கணினி, சரக்கு ஏற்றும் வண்டி, சொந்தக் கடைக் கட்டடம் ஆகியவற்றுக்கு ஸகாத் கிடையாது. விற்பதற்காக உள்ள சரக்குக்கு உண்டு. அதை வாங்கிய விலையில் இல்லாமல், அன்றைக்கு விற்றால் என்ன கிடைக்குமோ அந்த மதிப்பில் போட வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு: ரொக்கமும் வங்கியிருப்பும் 3,00,000. சரக்கு 5,00,000. வாடிக்கையாளர்களிடம் நிற்பது 80,000. அதில் 30,000 வருமா என்பது சந்தேகம். நம்பிக்கையுள்ள 50,000ஐ மட்டும் சேர்த்தால் மொத்தம் 8,50,000. சரக்கு கொடுத்தவருக்கு நீங்கள் உடனே தர வேண்டியது 1,50,000. கடனைக் கழிக்கலாம் என்ற ஹனஃபி சட்டப்படி 7,00,000க்கு 17,500 வரும். கடன் ஸகாத்தைத் தடுக்காது என்ற ஷாஃபிஈ கருத்துப்படி 8,50,000க்கு 21,250. சந்தேகமான 30,000 என்றைக்காவது கையில் வந்தால் அப்போது கேட்டுத் தெரிந்துகொண்டு கொடுங்கள்.

விற்று லாபம் பார்க்க வாங்கிய மனையும் சரக்குதான். ஆண்டுதோறும் சந்தை மதிப்பில் சேர்க்க வேண்டும். குடியிருக்கும் வீட்டுக்கு இல்லை. வாடகைக்கு விட்ட வீடு என்றால், சேர்ந்திருக்கும் வாடகைப் பணத்துக்கு மட்டும். விளைச்சலுக்குக் கணக்கே வேறு: மழையில் விளைந்தால் பத்தில் ஒன்று, நீர் இறைத்து விளைந்தால் இருபதில் ஒன்று. அதற்கு ஆண்டு நிறைய வேண்டியதில்லை, அறுவடை நாளே கொடுக்கும் நாள்.

தொகை தெரிந்ததும் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. யாருக்கு என்பதை அல்லாஹ்வே எட்டு வகையாகச் சொல்லிவிட்டான் (9:60). வறியவர், ஏழை, ஸகாத்தை வசூலிப்பவர், உள்ளம் இணைக்கப்பட வேண்டியவர், அடிமை விடுதலை, கடனில் மூழ்கியவர், அல்லாஹ்வின் பாதை, வழிப்போக்கர். இதற்கு வெளியே நம் விருப்பத்துக்குக் கொடுக்க முடியாது. பள்ளிவாசல் கட்டுவதற்கும் மையித்தை (இறந்தவரின் உடலை) அடக்குவதற்கும் ஸகாத் பணம் ஆகாது என்பது பெரும்பாலான அறிஞர்களின் தீர்ப்பு. அவற்றுக்கு ஸதகா (விரும்பிச் செய்யும் தர்மம்) கொடுங்கள். பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் ஆகாது. ஆனால் ஏழையான அண்ணன், தம்பி, சகோதரி, மாமா, சித்தி ஆகியோருக்குக் கொடுத்தால் தர்மத்தின் நன்மையும் உறவைச் சேர்த்த நன்மையும் உண்டு என்று நபிமொழி இருக்கிறது.

"பாய், ஒருத்தர் எனக்கு 20,000 தரணும், அதை ஸகாத்தில் கழிச்சுக்கவா?" என்று வருடா வருடம் யாராவது கேட்கிறார்கள். ஆகாது என்பதே பெரும்பான்மைக் கருத்து. வராத கடனைத் தள்ளுபடி செய்வது, கையை விட்டுப் பொருளைக் கொடுப்பதாக ஆகாது. அவர் உண்மையில் ஏழை என்றால் ஸகாத்தை அவர் கையில் கொடுங்கள். அவராக அதிலிருந்து கடனை அடைத்தால் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அப்படி நிபந்தனை போட்டுக் கொடுக்கக் கூடாது.

எப்படிக் கொடுப்பது என்பதில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. நூறு பேருக்குச் சில்லறை கொடுப்பதைவிட ஒருவரை எழுப்பி நிற்க வைப்பது மேல். "கொடுத்தால் தன்னிறைவு அடையும்படி கொடுங்கள்" என்று உமர் (ரலி) சொன்னதாக வருகிறது. தொழில் தெரிந்த ஏழைக்கு அவர் தொழிலின் கருவியையும், வியாபாரிக்கு முதலையும் கொடுக்கலாம் என்று இமாம் நவவி போன்ற ஷாஃபிஈ அறிஞர்கள் விளக்கியிருக்கிறார்கள். என்னிடம் கணக்குப் பார்க்கும் மூன்று பேர் தங்கள் ஸகாத்தை ஒன்றுசேர்த்து, வேலையிழந்த ஒரு வெல்டருக்கு இயந்திரம் வாங்கித் தந்தார்கள். மூவரில் ஒருவர் அதன்மேல் தங்கள் பெயரை எழுதி ஒட்ட விரும்பினார். வேண்டாம் என்று தடுத்தேன். கொடுத்ததைச் சொல்லிக்காட்டித் தர்மத்தைப் பாழாக்காதீர்கள் என்று குர்ஆன் சொல்கிறது (2:264). அந்தப் பெயர் தினமும் அவர் கண்ணெதிரே சொல்லிக்காட்டிக்கொண்டே இருக்கும். இயந்திரம் முழுக்க அவருக்குச் சொந்தம். நாளை விற்றாலும் அவரை யாரும் கேட்க முடியாது. இப்போது அவரிடம் ஒரு பையன் வேலை கற்றுக்கொள்கிறான்.

இது ஸகாத் என்று வாங்குபவரிடம் சொல்ல வேண்டியதில்லை. கொடுப்பவரின் மனதில் நிய்யத் (ஸகாத் கொடுக்கிறேன் என்ற எண்ணம்) இருந்தால் போதும். கூச்சத்தால் கை நீட்டாத குடும்பத்துக்கு அன்பளிப்பு போல் கொடுத்துவிட்டு வரலாம். அப்படிப்பட்டவர்களைத் தேடிப் பிடிப்பதற்குத்தான் கூட்டாகச் செய்வது உதவுகிறது. தோழர் முஆத் (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பியபோது, அந்த ஊர் மக்களில் செல்வந்தரிடம் பெற்று அவர்களில் ஏழைகளுக்குத் திருப்பித் தரும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். பக்கத்தில் நம்பிக்கையான பைத்துல்மால் (ஸகாத்தைத் திரட்டிப் பங்கிடும் பொது நிதி) இருந்தால் அதில் சேருங்கள். ஆண்டுக் கணக்கைக் கேளுங்கள், கேட்பதில் தவறில்லை.

கடைசியாக ஒரு நோட்டு. உங்கள் ஹிஜ்ரி தேதி, அன்றைய தங்க விலை, சொத்து விவரம், கடமையான தொகை, கொடுத்தது, பாக்கி ஆகியவற்றை எழுதி வையுங்கள். வாங்கியவர்களின் பெயர் வேண்டாம். அந்த நோட்டு எங்கே இருக்கிறது என்று வீட்டில் ஒருவருக்குத் தெரிய வேண்டும். ஒருவர் ஸகாத் பாக்கியோடு இறந்துவிட்டால், சொத்தைப் பிரிக்கும் முன் அதைக் கடனாக எடுத்துக் கொடுக்க வேண்டும் என்கிறது ஷாஃபிஈ மத்ஹப். ஹனஃபியில் அவர் வஸிய்யத் (மரண சாசனம்) செய்திருந்தால்தான் எடுப்பார்கள், அதுவும் மூன்றில் ஒரு பங்குக்குள். ஆகவே பாக்கி இருந்தால் அதே நோட்டில் வஸிய்யத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு வையுங்கள்.