'மாக்கிங்பேர்ட்' பற்றி எழுதுகிறீர்களா? ஜெம்மை மறந்துவிடாதீர்கள்

'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவலைப் பற்றிய மாணவர் கட்டுரைகள் வருஷா வருஷம் கட்டுக்கட்டாக என் மேஜைக்கு வருகின்றன. தலைப்பும் பெரும்பாலும் ஒன்றுதான்: குழந்தைகளின் வெகுளித்தனம், அவர்களுடைய மனசாட்சி வளரும் விதம். நாங்கள் படித்த காலத்தில் எழுதித் தள்ளிய அதே அபத்தங்கள் இன்றைய பிள்ளைகளின் கையெழுத்தில் அப்படியே வந்து நிற்பதைப் பார்த்தால் சிரிப்பும் வருகிறது, எரிச்சலும் வருகிறது. நாவலை எழுதிய ஹார்ப்பர் லீயை ஆண் என்று எழுதுவது, கதைக்காகக் கற்பனை செய்த மேகோம் என்ற ஊரை அலபாமா வரைபடத்தில் தேடுவது, இதெல்லாம் ஒரு தடவை சிவப்பு மையில் சுழித்தால் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

## கதை சொல்வது ஆறு வயசுக் குழந்தை என்று நினைப்பது

வக்கீல் அட்டிகஸின் மகள் ஸ்கவுட், ஜெம் அவளுடைய அண்ணன். கதை தொடங்கும்போது ஸ்கவுட்டுக்கு ஆறு வயது ஆகப்போகிறது, முடியும்போது எட்டு. ஆனால் சொல்கிறவள் வளர்ந்து பெரியவளான ஜீன் லூயிஸ், அதாவது அதே ஸ்கவுட். பார்க்கிற கண் குழந்தையுடையது, வாக்கியம் பெரியவளுடையது. இதைப் பிடிக்காவிட்டால் சிறைச்சாலை வாசல் காட்சியில் வசமாக மாட்டிக்கொள்வீர்கள். வெள்ளைக்காரப் பெண்ணைக் கெடுத்ததாகப் பொய்ப் புகாரில் சிறையிலிருக்கும் கறுப்பர் டாம் ராபின்சனுக்காக அட்டிகஸ் வாதாடுகிறார்; அந்த டாமைக் கொல்ல இழுத்துப்போக வந்த கும்பலை ஸ்கவுட் துணிச்சலாக எதிர்கொண்டாள் என்று பாதிப் பேர் எழுதுகிறார்கள். அவள் எதையும் எதிர்கொள்ளவில்லை. கும்பலில் தெரிந்த முகமாக கன்னிங்ஹாம் நிற்கிறார், அவருடைய சொத்து வில்லங்கத்தைப் பற்றியும் கூடப் படிக்கும் அவர் மகன் வால்டரைப் பற்றியும் மரியாதைக்கு நாலு வார்த்தை பேசுகிறாள், எல்லாரும் முறைத்துப் பார்க்கவும் ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று வியர்த்துப்போகிறாள். ஒரு கொலை நின்றுபோனது அந்த நிமிஷத்தில் அவளுக்குத் தெரியாது. வாசகனுக்குத் தெரியும். வெகுளித்தனம் இந்தக் கதையில் வேலை செய்யும் விதமே இதுதான்.

## ஜெம்மைத் துணைப்பாத்திரம் ஆக்குவது

இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கைடு போடுகிறவர்கள் ஸ்கவுட்டுக்கு நாலு பக்கமும் 'அண்ணன்' என்ற பெயரில் ஜெம்முக்கு நாலு வரியும் கொடுக்கிறார்கள், பிள்ளைகள் அதையே மனப்பாடம் செய்து வந்து எழுதிவிட்டு மார்க் ஏன் குறைந்தது என்று கேட்கிறார்கள்.

நாவலின் முதல் வாக்கியத்தை எடுத்துப் பாருங்கள். ஸ்கவுட்டைப் பற்றியது இல்லை. பதின்மூன்று வயது ஆகப்போகிற சமயத்தில் ஜெம்மின் கை முழங்கையருகே மோசமாக முறிந்தது என்றுதான் கதை ஆரம்பிக்கிறது. ஆறிய பிறகு அவனுடைய இடது கை வலது கையைவிடச் சற்றுக் குட்டையாகிவிடுகிறது. நீதிமன்றத்தில் நாம் பார்க்கும் டாம் ராபின்சனுக்கும் இடது கைதான் குட்டை, பருத்தி அரவை இயந்திரத்தில் சிக்கிச் சிதைந்தது. இரண்டு கைகளையும் லீ தற்செயலாகவா அப்படி எழுதியிருப்பார்?

ஸ்கவுட் கடைசிவரைக்கும் ஏறக்குறைய குழந்தையாகவே இருக்கிறாள், கடைசி இரவில் அப்பா கதை படித்துக் காட்டும்போதே தூங்கிப்போகிறாள். உடைகிறவன் ஜெம். அந்த உடைவு முழுவதையும் அதைப் புரிந்துகொள்ளாத தங்கை வழியாகவே நாம் பார்க்கிறோம், அதனால்தான் மேலோட்டமாகப் படிக்கிறவர்கள் கோட்டைவிடுகிறார்கள். பூ ராட்லி என்பவர் வீட்டைவிட்டு வெளியே வராத அக்கம்பக்கத்துக்காரர்; ராட்லி வீட்டு மரப்பொந்தில் அவர் வைக்கும் சின்னச் சின்னப் பரிசுகள் இவர்களுக்குக் கிடைத்துக்கொண்டிருந்தன, பூவின் அண்ணன் நேதன் அதைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிடுகிறார். மரத்துக்கு நோய் என்று அவர் சொல்ல, மரம் நன்றாகத்தானே இருக்கிறது என்று அட்டிகஸ் சொல்ல, ஜெம் இருட்டும்வரை வாசலிலேயே நிற்கிறான். உள்ளே வந்தபோது அவன் அழுதிருப்பது தெரிகிறது. ஸ்கவுட்டுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான், அழுதிருக்கிறானே, நமக்குச் சத்தம் கேட்கவில்லையே என்று. ஒரு மனிதன் இன்னொரு மனிதனை உலகத்தோடு பேசவிடாமல் அடைக்கிறான் என்பது அந்தப் பையனுக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கு இல்லை.

தீர்ப்பு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். சாட்சியங்களைக் கேட்ட ஜெம் நாம் ஜெயித்துவிட்டோம் என்றே நம்புகிறான். டாம் மேல் புகார் சொன்ன மயெல்லாவுக்கு அடி விழுந்தது முகத்தின் வலப்பக்கம், அடித்தவன் இடது கைக்காரனாக இருக்க வாய்ப்பு அதிகம், டாமின் இடது கையோ செயலற்றது, அவள் அப்பன் பாப் யூவெல் இடது கையால் எழுதுகிறவன், அப்புறம் என்ன? கணக்கு நேராக வருகிறது. வெள்ளைக்காரனுக்கு எதிராகக் கறுப்பரின் பக்கம் எந்த ஜூரியும் தீர்ப்புச் சொல்லி நான் பார்த்ததில்லை என்று பாதிரியார் சைக்ஸ் மெதுவாகச் சொல்லிப் பார்க்கிறார், பையன் காதில் ஏறவில்லை. குற்றவாளி, குற்றவாளி என்று நீதிபதி வரிசையாகப் படிக்க, ஒவ்வொரு தடவையும் யாரோ குத்தினாற்போல் ஜெம்மின் தோள்கள் துள்ளுகின்றன. வெகுளித்தனம் போவது என்றால் இதுதான்: கெட்டவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிவதில்லை, ஆதாரம் இருந்தால் போதும் என்ற நம்பிக்கை சாவது.

போன பருவத்தில் ஒரு மாணவி, நன்றாகப் படிக்கிற பெண், இருபத்தாறாம் அத்தியாயத்தை வைத்து ஜெம்முக்கு முதிர்ச்சியே வரவில்லை என்று எழுதியிருந்தாள். ஹிட்லர் யூதர்களைக் கொடுமைப்படுத்துவது எவ்வளவு பெரிய அநியாயம் என்று வகுப்பில் பாடம் எடுக்கிற அதே மிஸ் கேட்ஸ், தீர்ப்பு அன்று நீதிமன்றப் படிக்கட்டில் கறுப்பர்களுக்கு ஒரு பாடம் கற்பிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்ற தொனியில் பேசியது ஸ்கவுட்டுக்கு நினைவு வருகிறது. இது எப்படிப் பொருந்துகிறது என்று அண்ணனைக் கேட்கிறாள். அவன் அவள் சட்டைக் காலரைப் பிடித்து உலுக்கி, அந்த நீதிமன்றத்தைப் பற்றி இனிமேல் பேசவே கூடாது என்று கத்துகிறான். தங்கையிடம் முரட்டுத்தனம், ஆகவே முதிர்ச்சியின்மை, இது மாணவியின் வாதம். முந்தின அத்தியாயத்தையும் சேர்த்துப் படித்துவிட்டு வா என்றேன். அதில் இதே முரட்டுப் பையன், தொட்டால் சுருண்டுகொள்ளும் ஒரு பூச்சியை ஸ்கவுட் நசுக்கப் போகும்போது அது உன்னை ஒன்றும் செய்யவில்லையே என்று தடுக்கிறான். அடுத்த வாரம் வந்தவள், "அப்போ அவனுக்கு எல்லாம் புரிஞ்சதாலதான் கத்துறானா சார்?" என்றாள். ஆமாம்மா, அதேதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உலகத்தில் ஒரே வகை மனிதர்கள்தான் இருக்கிறார்கள் என்று ஸ்கவுட் சொல்லும் வரியை எடுத்துப் போட்டு, இதுவே நாவலின் உச்சம் என்று முடிக்காத கட்டுரை அபூர்வம். தயவுசெய்து அடுத்த வரிகளையும் படியுங்கள். உன் வயசில் நானும் அப்படித்தான் நினைத்தேன் என்கிறான் ஜெம். எல்லாரும் ஒன்று என்றால் ஏன் ஒருவரையொருவர் வெறுக்க வேண்டும் என்று கேட்கிறான். பூ ராட்லி வீட்டுக்குள்ளேயே இருப்பதற்குக் காரணம் அவருக்கு வெளியே வர விருப்பமில்லாததுதானோ என்று அவனுக்குத் தோன்றுகிறது. நீங்கள் உச்சம் என்று மேற்கோள் காட்டுவது அவன் கடந்து வந்துவிட்ட இடம்.

## அட்டிகஸுக்கு மாலை போடுவது

நல்ல மனிதர், சந்தேகமில்லை. ஆனால் இந்த வழக்கை அவர் தேடிப் போகவில்லை, நீதிபதி டெய்லர் ஒப்படைத்தது. கறுப்பர்களை மிரட்டிய கு க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கூட்டமெல்லாம் எப்போதோ 1920 வாக்கில் இருந்த அரசியல் அமைப்பு என்று பிள்ளைகளிடம் சொல்கிறார், அதற்கடுத்த சில நாட்களில் கும்பல் சிறை வாசலில் நிற்கிறது. பிள்ளைகள் அவரைப் பார்த்து மட்டும் வளரவில்லை, அவர் கணிப்பு தவறுகிற இடங்களிலும் வளர்கிறார்கள். இதற்கு முன்பே எழுதப்பட்டு 2015-இல் வெளிவந்த 'கோ செட் எ வாட்ச்மேன்' நாவலில் அவரை வேறு மாதிரிப் பார்க்கலாம், அதை இதோடு போட்டுக் குழப்ப வேண்டாம்.

## பறவைக் குறியீடு

தலைப்பில் வரும் மாக்கிங்பேர்ட் பறவை எதைக் குறிக்கிறது என்பதற்கு ஒரு பத்தி போதும்.

## ஆண்டுகளைக் குழப்புவது

கதை நடப்பது 1933 முதல் 1935 வரை. புத்தகம் 1960. மார்ட்டின் லூதர் கிங்கை ஜெம்முக்குத் தெரியாது.

## டாம் ராபின்சனைப் பாடப்பொருள் ஆக்குவது

'டாமின் மரணம் குழந்தைகளுக்கு நல்ல பாடமாக அமைந்தது' என்று ஒரு தாளில் பார்த்தேன். சிறையிலிருந்து தப்ப ஓடியபோது பதினேழு குண்டுகள் பாய்ந்த மனிதன் ஒருவன், மனைவி ஹெலன், குழந்தைகள். அவருடைய சாவை இரண்டு வெள்ளைக் குழந்தைகளின் பாடத்திட்டத்தில் ஓர் அலகாக வைத்து முடித்துவிடாதீர்கள். நாவலிலேயே இந்தக் குறை இருக்கிறது, கறுப்பர்களின் மனசுக்குள் அது அதிகம் போவதில்லை என்று விமர்சகர்கள் நெடுநாளாகச் சொல்லிவருகிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. இவர்கள் வீட்டில் வேலை பார்க்கும் கறுப்பினப் பெண்மணி கல்பர்னியா தன் தேவாலயத்துக்குக் குழந்தைகளைக் கூட்டிப்போகும் அத்தியாயம்தான் விதிவிலக்கு. அங்கே அவர் பேசும் விதமே மாறிவிடுவதை ஸ்கவுட் முதன்முதலாகக் கவனிக்கிறாள். இவருக்கு நம் வீட்டுக்கு வெளியே ஒரு வாழ்க்கை இருக்கிறதே என்று அவளுக்கு உறைக்கும் இடம் அது. யாரும் அதைப் பற்றி எழுதுவதில்லை.

## கடைசியில் நீதி வென்றது என்று எழுதுவது

எங்கே வென்றது? குழந்தைகளைக் கொல்ல வந்த பாப் யூவெலைப் பூ ராட்லி கொன்றுவிடுகிறார், ஆனால் யூவெல் தன் கத்தி மேல் தானே விழுந்து செத்தான் என்று ஷெரிஃப் ஹெக் டேட் ஒரு கதை கட்டுகிறார். தன் மகன்தான் கொன்றிருப்பான் என்று நினைத்துக்கொண்டு, எதையும் மூடி மறைக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்த வக்கீல் அட்டிகஸ், விஷயம் பூவைப் பற்றியது என்று புரிந்ததும் மௌனமாகிவிடுகிறார். அந்தப் பொய் ஏன் சரி என்று அவருக்கு விளக்குவது எட்டு வயது ஸ்கவுட். சட்டத்தை நம்பிய அண்ணன் பக்கத்து அறையில் முறிந்த கையோடு மயக்கத்தில் கிடக்கிறான்.

## படம் பார்த்துவிட்டு எழுதுவது

அத்தை அலெக்ஸாண்ட்ரா 1962 படத்தில் கிடையாது. உங்கள் கட்டுரையிலும் இல்லையென்றால் எனக்குத் தெரிந்துவிடும்.