மூங்கிலில் நான்கு முனை மீன் ஈட்டி செய்யும் முறை

மீன் குத்தும் கையீட்டிக்கு இரும்பு கட்டாயமில்லை. சங்ககாலப் பரதவர், அதாவது கடற்கரை மீனவர், மீன் மீது எறிந்த எறியுளிக்கு உலர்ந்த மூங்கிலே காம்பாக இருந்தது. இங்கே விளக்கும் ஈட்டியிலோ காம்பும் முனையும் ஒரே மூங்கில்தான். முழங்கால் ஆழ நீரில் சிறு மீன்களைக் குத்த ஒற்றை முனையைவிட நான்கு முனையே மேலானது. குறி சற்று விலகினாலும் மீன் முனைகளுக்கிடையே சிக்கிக்கொள்ளும்.

சென்னையில் பந்தலுக்கும் சாரத்துக்கும் மூங்கில் விற்கும் கடைகளில், கட்டைவிரலைவிடச் சற்றுத் தடித்ததாகவும் சுவர் தடித்து உட்குழி சிறுத்ததாகவும் உள்ள நேரான கழியைத் தேர்ந்து, உங்கள் உயரத்தைவிட ஒரு முழம் கூடுதலாக வாங்குங்கள். மாவு உதிரும் சிறு துளைகள் தென்பட்டால் பூச்சி அரித்தது என்று ஒதுக்கிவிடுங்கள். பச்சைக் கழியானால் ஒரு மாதமாவது நிழலில் உலர வேண்டும்; வெயிலில் போட்டால் வெடித்துவிடும். வளைவு இருந்தால் கணுவைத் தணலில் காட்டி, சூடாக இருக்கும்போதே மெல்ல நிமிர்த்தி, ஆறும்வரை பிடித்திருக்க வேண்டும்.

இனி வருவதுதான் ஈட்டியின் உயிர். தடித்த முனையிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒரு கணு இருக்குமாறு கழியை அறுத்து, பிளப்பதற்கு முன்பே அந்தக் கணுவையொட்டி நாரால் இறுகக் கட்டிவிடுங்கள். இந்தக் கட்டு இல்லாவிட்டால் பிளவு கணுவைத் தாண்டிக் காம்பு முழுவதும் ஓடிவிடும். இரவு முழுவதும் தண்ணீரில் ஊறிய பனைநாரே இதற்கு ஏற்றது. ஈரத்தில் வளைந்து கொடுக்கும், உலர்ந்தபின் சுருங்கி இறுகும். பிறகு கத்தியை முனையில் வைத்து மரக்கட்டையால் தட்டி, கூட்டல் குறி வடிவில் கட்டுவரை பிளக்கவும். பிளவுகளில் பென்சில் தடிமனுள்ள இரண்டு குச்சிகளைக் குறுக்கும் நெடுக்குமாகச் செருகிக் கீழே தள்ளினால் நான்கு முனைகளும் விரியும். குச்சிகள் நழுவாதபடி அவற்றின் மேலும் நாரைக் குறுக்காகச் சுற்றுங்கள்.

முனைகளை உட்புறமிருந்து மட்டுமே சரிவாகச் சீவ வேண்டும். மூங்கிலின் வெளித்தோலை ஒட்டிய நாரிழைகளே மிக நெருக்கமானவை, வலிமையானவை; கூர் அந்தத் தோலில் முடிந்தால்தான் நிலைக்கும். உள்விளிம்பில் பின்னோக்கிய இரண்டு சிறு வெட்டுகள் இட்டால் குத்திய மீன் நழுவாது. பின்னர் முனைகளைத் தணலுக்கு மேல் திருப்பித் திருப்பிக் காட்டி, இளம்பழுப்பு நிறம் வந்ததும் எடுத்துவிடுங்கள், கருகினால் நொறுங்கும். கட்டுகள் நன்றாக உலர்ந்தபின், நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் குங்கிலியம் என்ற மரப்பிசினைச் சிறிது தேன்மெழுகுடன் சேர்த்து மெல்லிய சூட்டில் உருக்கிப் பூசினால் ஈரம் புகாது. குங்கிலியம் எளிதில் தீப்பற்றும்; திறந்த வெளியில், தணலில் மட்டும் உருக்குங்கள்.

ஈட்டியை எறியக் கூடாது; முனையை நீருக்குள் இறக்கி, மீனை நெருங்கிய பின் சட்டென்று தள்ள வேண்டும். நேர் மேலிருந்து பார்த்தாலே நீருக்குள் இருப்பது உண்மை ஆழத்தில் முக்கால் பங்கில்தான் தெரியும். சாய்ந்து பார்க்கும்போது வேறுபாடு இன்னும் கூடும். ஆகவே கண்ணுக்குத் தெரியும் மீனுக்குக் கீழே குறி வையுங்கள்.

மெரினா போன்ற அலைக்கரைகள் இதற்கு ஏற்றவை அல்ல. நீர் கலங்கியிருக்கும், இழுப்பும் அதிகம். கூவத்திலும் அடையாற்றிலும் கழிவுநீர் கலப்பதால் அங்கே பிடித்ததை உண்ணவே கூடாது. பழவேற்காடு ஏரியில் மீனவர்களிடையே, மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் பாடு முறை இன்றும் உண்டு. அவர்களைக் கேட்காமல் நீரில் இறங்குவது முறையன்று. மணற்பாங்கான இடத்தில் காலைத் தேய்த்தபடி நடந்தால் புதைந்திருக்கும் திருக்கை விலகிப்போகும். கடலாமையும் கடற்குதிரையும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுபவை. அவற்றின் மீது ஈட்டி படவே கூடாது. இன்ன மீன் என்று தெளிவாகத் தெரியாத எதையும் குத்தாதீர்கள்.

வீடு திரும்பியதும் ஈட்டியை நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, முனைகளைத் தென்னை மட்டைத் துண்டில் செருகி வையுங்கள். கட்டு தளர்ந்தால் அடுத்த முறை நீரில் இறங்குவதற்கு முன் புது நாரால் மாற்றிக் கட்டுங்கள்.