மொரீஷியஸ் போன கொள்ளுத்தாத்தாவைத் தில்லியிலிருந்து தேடுவது எப்படி

மத்திய அரசு வேலையில் வாழ்நாள் முழுக்கக் கோப்பு புரட்டியவன் நான். ஓய்வுக்குப் பிறகும் ஆர்.கே. புரம் பக்கமே குடியிருக்கிறேன். மலை மந்திர் முருகன் கோயிலுக்கு வரும் மொரீஷியஸ் தமிழ்க் குடும்பங்களை யாராவது என் வீட்டுப் பக்கம் அனுப்பிவிடுகிறார்கள். கேள்வி ஒன்றுதான்: "எங்க கொள்ளுத்தாத்தா எந்த ஊர்?" இந்தப் பக்கத்திலிருந்தும் கேட்கிறார்கள், "எங்க பாட்டியோட சித்தப்பா கப்பல் ஏறிப் போனாராம், விவரம் கிடைக்குமா?" என்று. வருபவர்களிடம் சொல்வதை எழுதி வைக்கிறேன்.

முதல் விஷயம், ஜன்பத்தில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போய்ப் பெயரைத் தேடாதீர்கள். அங்கே இருப்பது அரசாங்கம் அரசாங்கத்துக்கு எழுதிய கடிதங்கள். ஆளின் பெயர், அப்பா பெயர், சாதி, வயது, கிராமம், கப்பல் எல்லாம் மொரீஷியஸில் இறங்கியபோது எழுதிய பதிவேட்டில் இருக்கின்றன. அந்தப் பதிவேடுகள் அங்கேயே மோக்கா என்ற ஊரில் உள்ள மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட்டில் இருக்கின்றன. சென்னைத் துறைமுகம் சார்ந்த மாகாண அரசின் காகிதங்களுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம். அப்படியானால் தில்லி எதற்கு? போனவர் எந்தச் சட்டத்தின் கீழ் போனார் என்று தெரிந்தால்தான் கையில் இருக்கும் குடியேற்றச் சீட்டைப் படிக்க முடியும். அது தில்லியில் கிடைக்கும்.

ஆகவே பெயரை விடுங்கள், வருடத்தைப் பிடியுங்கள். தாத்தாவின் பிறந்த தேதி, கல்யாணப் பதிவு என்று பின்னோக்கிப் போய், தோராயமாக எந்தப் பத்து வருடம் என்று தெரிந்தால் போதும்.

1810க்கு முன் என்றால் கதையே வேறு. 1715ல் பிரெஞ்சுக்காரர்கள் தீவைத் தங்களுடையது என்றார்கள். 1735ல் ஆளுநராக வந்த லபூர்தொனே போர்ட் லூயி துறைமுகத்தைக் கட்டினார். தச்சர், கொத்தனார் என்று கைத்தொழில்காரர்கள் புதுச்சேரியிலிருந்து போனார்கள். "எங்க பாட்டன் கூலி இல்லை, ஆசாரி" என்று வீட்டில் ஒரு பேச்சு இருந்தால் அதைப் பெருமைப் பேச்சு என்று ஒதுக்காதீர்கள். அவருக்கு நம் ஊரில் காகிதம் தேடிப் பயனில்லை. பிரான்சில் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் ஊரில் இருக்கும் காலனி ஆவணக் காப்பகம்தான் வழி.

1810 டிசம்பரில் தீவு ஆங்கிலேயர் கைக்கு வந்தது. சரணடைந்த ஒப்பந்தத்திலேயே குடியிருப்பவர்களின் சட்டம், மதம், வழக்கம் மாறாது என்று எழுதிவிட்டார்கள். கொடி மாறியது, கரும்புத் தோட்ட முதலாளிகள் பிரெஞ்சுக்காரர்களாகவே இருந்தார்கள். இங்கிலாந்தின் பழைய காலனிக்குப் பிரெஞ்சு வாடை அடிப்பது இதனால்தான். பெயர்களிலும் அது தெரியும். சுப்பிரமணியன் 'சூப்ரமானியென்', ஆறுமுகம் 'ஆர்மூகம்' என்று நிற்பார். போதாதென்று, முதலில் வந்தவரின் சொந்தப் பெயரோ அவர் அப்பா பெயரோ பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராகிவிடும். இன்றைய குடும்பப் பெயரை வைத்து இங்கே யாரும் யாரையும் கண்டுபிடித்ததாக எனக்குத் தெரியவில்லை. பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் கொடுத்த எண் ஒன்று உண்டு. அதுதான் உங்கள் சாவி. மோக்காவுக்கு எழுதும்போது முதலில் அதைக் கேளுங்கள்.

1834க்குப் பின் என்றால் வேலை தொடங்குகிறது. 1825ல் லண்டன் மொரீஷியஸ் சர்க்கரை மீதான வரியை மேற்கிந்தியத் தீவுகளுக்கு இணையாகக் குறைத்தது, கரும்பு பெருகியது. 1835 பிப்ரவரி 1ல் அடிமை முறை ஒழிந்தது. முதலாளிகளுக்கு நஷ்ட ஈடு கிடைத்தது, அடிமையாக இருந்தவர்களுக்கு ஒன்றுமில்லை. அதற்கு முன்பே, 1834 நவம்பர் 2ல், 'அட்லஸ்' கப்பலில் கல்கத்தாவிலிருந்து 36 ஒப்பந்தக் கூலிகள் இறங்கியாகிவிட்டது. ஐந்து வருட ஒப்பந்தம், மாதம் 5 ரூபாய், அதோடு அரிசி பருப்பு. 1838ல் எதிர்ப்பு கிளம்பி இந்திய அரசு ஆள் ஏற்றுமதியை நிறுத்தியது. 1842ஆம் ஆண்டின் 15ஆவது சட்டம் திரும்பத் திறந்தது, கல்கத்தா, சென்னை, பம்பாய் மூன்று துறைமுகங்களிலிருந்தும். உங்கள் ஆள் 1840ல் சட்டப்படி கப்பல் ஏறினார் என்று யாராவது சொன்னால் வருடத்தை மறுபடி பாருங்கள்.

சம்பளம் 5 ரூபாய் என்பதை அப்படியே நம்பாதீர்கள். ஒரு நாள் வரவில்லையென்றால் இரண்டு நாள் சம்பளம் பிடிப்பு, 'டபுள் கட்' என்பார்கள். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதவர்கள் 'பழைய குடியேறிகள்'. 1867 சட்டப்படி அவர்கள் படம் ஒட்டிய சீட்டைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நாடோடி என்று பிடித்துப்போவார்கள். இன்று பேரப்பிள்ளைகள் ஃபிரேம் போட்டு மாட்டும் அந்தப் பழைய போட்டோ பலருக்கும் இப்படி எடுத்ததுதான். 1871ல் தோட்டம் நடத்திய தெ ப்ளெவிட்ஸ் என்பவர் இவர்களுக்காக எழுதிக் கொடுத்த மனுவில் 9,401 பேர் கையெழுத்து. அடுத்த வருடமே லண்டனிலிருந்து விசாரணைக் கமிஷன் வந்தது.

இனி ஜன்பத். வீட்டிலிருந்தே காப்பகத்தின் 'அபிலேக் படல்' இணையதளத்தில் தேடலாம், பதிவு செய்வது இலவசம். 'மொரீஷியஸ்', 'கூலி', 'எமிகிரேஷன்' மூன்றையும் ஆங்கிலத்தில், ஆண்டு வரம்பு போட்டுத் தேடுங்கள். 1870களுக்கு முன் என்றால் பெரும்பாலும் ஹோம் டிபார்ட்மென்ட் பப்ளிக் பிரிவு. அப்புறம் ரெவின்யூ அண்ட் அக்ரிகல்ச்சரில் எமிகிரேஷன் பிரிவு. 1905க்குப் பின் காமர்ஸ் அண்ட் இண்டஸ்ட்ரி. இந்த வரிசை தெரியாமல் தேடுகிறவர்கள் ஒன்றுமே இல்லை என்று எழுந்துவிடுகிறார்கள். நேரில் போனால் அடையாள அட்டையும் பென்சிலும் எடுத்துப் போங்கள்.

கோப்பு கைக்கு வந்ததும் முதல் பக்கத்தில் தொடங்காதீர்கள். 'ஏ' வகைக் கோப்பில், அதாவது முக்கியம் என்று அவர்கள் வகைப்படுத்தியதில், முன்னால் இருப்பது அச்சடித்த கடிதம்: "பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்" வகை. பின்னால் 'கே.டபிள்யூ.' என்று தனியாக ஒரு கட்டு இருக்கும். கீப் வித், அதாவது 'கூடவே வை'. அதிகாரிகள் தங்களுக்குள் எழுதிக்கொண்ட குறிப்புகள் அதில்தான். மேலே ஒருவர் எழுத, கீழே அடுத்தவர் இனிஷியலோடு மறுக்க, மூன்றாமவர் "பேசலாம்" என்று தள்ளிவிட, நான் வேலை பார்த்த செக்‌ஷன் மாதிரியே இருக்கும். வாய் திறந்து பேசுவது அந்தக் கட்டுதான். 'பி' வகை கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். முக்கியமில்லை என்று அவர்கள் ஒதுக்கியதில்தான் தனிமனிதர் மனுக்கள் வரும்.

1910ல் மொரீஷியஸுக்கு ஒப்பந்தக் கூலி அனுப்புவது நின்றது. 1968 மார்ச் 12 சுதந்திரம், 1992ல் குடியரசு.

எண் கிடைத்து, பதிவேட்டில் 'டாஞ்சூர் ஜில்லா' என்று ஊரும் வந்துவிட்டால் உடனே தஞ்சாவூருக்கு ரயில் ஏறாதீர்கள். அந்த ஜில்லா இன்று தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று பிரிந்து கிடக்கிறது. தாலுகா பெயரை வைத்து மாவட்டத்தை முடிவு செய்யுங்கள். கிராமப் பெயர் ஆங்கில எழுத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே உரக்கப் படித்துக் காட்டுங்கள், அந்தப் பக்கத்துக்காரர் ஒருவரிடம். நம் தில்லித் தமிழ்ச் சங்கத்தில் அப்படி ஒருவர் எப்போதும் டீ குடித்துக்கொண்டு இருப்பார்.