பிரிட்டனில் சின்னக் கட்சி தேறுமா? கொட்டையை வைத்தே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்

அண்ணன் மகள் இங்கிலாந்தில் இருக்கிற லெஸ்டருக்குப் படிக்கப் போய் இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது, ஒரு ராத்திரி போன் பண்ணினாள். "சித்தப்பா, எனக்கு இங்க ஓட்டு இருக்காமே, உங்களுக்குத் தெரியுமா? ஆனா எனக்குப் புடிச்ச கட்சி சின்னக் கட்சி. அதுக்குப் போட்டா ஓட்டு வீணாப் போயிடும்னு கூட இருக்கறவங்க சொல்றாங்க. நெசமா?"

முதல் விஷயம் உண்மை. இந்தியா காமன்வெல்த் நாடு என்பதால், முறையான விசாவில் அங்கே தங்கியிருக்கும் 18 வயது நிறைந்த இந்தியக் குடிமக்கள், மாணவர் விசாவில் இருப்பவர்கள் உட்பட, நாடாளுமன்றத் தேர்தலிலேயே ஓட்டுப் போடலாம். நம் சேலத்திலிருந்து போகிற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இது தெரியாது என்பதுதான் என் ஆதங்கம். இரண்டாவது கேள்விக்கு ஆமாம், இல்லை என்று ஒற்றைச் சொல்லில் பதில் கிடையாது. ஆனால் நீங்களே கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அவள் லீவுக்கு வந்தபோது ஏற்காட்டு வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்ததை இங்கே அப்படியே எழுதுகிறேன்.

ஆரம்பிக்கும் முன்னால் நம்ம ஊர்ப் பழக்கம் ஒன்றைக் கொஞ்சம் ஒதுக்கி வைக்கணும். சின்னக் கட்சி என்றதும் நமக்கு அடுத்து வாயில் வருவது "யாரோட கூட்டணி?" என்கிற கேள்விதான். அதில் நியாயமும் இருக்கிறது. 2016-இல் பாமக தனியாக நின்று 5 சதவீதத்துக்கு மேல் வாங்கியும் ஒரு தொகுதிகூடக் கிடைக்கவில்லை. 2021-இல் அதிமுக கூட்டணியில் நின்று 4 சதவீதத்துக்கும் குறைவான ஓட்டில் 5 தொகுதி எடுத்தது, அதில் சேலம் மேற்கும் மேட்டூரும் நம் மாவட்டத்திலேயே இருக்கின்றன. பிரிட்டனில் இப்படிச் சீட்டுப் பங்கீடு பேசி நிற்கிற வழக்கம் கிட்டத்தட்ட இல்லை. எப்போதாவது நடந்திருக்கிறது. 1903-இல் லிபரல் கட்சி அன்றைக்குக் குட்டிக் கட்சியாக இருந்த லேபரோடு ரகசியமாகப் பேசி சில தொகுதிகளை விட்டுக் கொடுத்தது, 1906-இல் லேபர் 29 இடம் ஜெயித்தது, 1924-இல் ராம்சே மெக்டொனால்டு பிரதமராகவே ஆகிவிட்டார், விட்டுக் கொடுத்த லிபரல்கள் தங்களுக்குள்ளேயே உடைந்து மூன்றாம் இடத்துக்குப் போய்விட்டார்கள். இன்றைய பெரிய கட்சியே நேற்றைய சின்னக் கட்சிதான் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை. மற்றபடி அங்கே ஒவ்வொரு கட்சியும் பெரும்பாலும் தன் காலிலேயே நிற்கிறது. அதனால் கூட்டணியைத் தேடாதீர்கள். ஓட்டு எங்கே குவிந்திருக்கிறது என்று தேடுங்கள்.

இப்போது ஐந்து தட்டு எடுத்துக் கொள்ளுங்கள். ஒவ்வொரு தட்டும் ஒரு தொகுதி. நாங்கள் அடுப்படியில் இருந்ததை வைத்தே செய்தோம்: பெரிய கட்சிக்குக் காப்பிக் கொட்டை, ஒரு சின்னக் கட்சிக்கு மிளகு, இன்னொன்றுக்குப் புளியங்கொட்டை. தட்டுக்குப் பத்து, அவ்வளவுதான் ஓட்டு. முதல் நாலு தட்டிலும் ஏழு காப்பிக் கொட்டை, மூன்று மிளகு. ஐந்தாவது தட்டில் ஆறு புளியங்கொட்டை, மூன்று மிளகு, ஒரே ஒரு காப்பிக் கொட்டை. எண்ணிப் பாருங்கள். மொத்தம் 50-இல் மிளகு 15, அதாவது 30 சதவீதம். ஜெயித்த தட்டு பூஜ்யம். புளியங்கொட்டை வெறும் 6, அதாவது 12 சதவீதம். அதற்கு ஒரு தட்டு. அண்ணன் மகள் மிளகைத் திரும்பத் திரும்ப எண்ணினாள். "இது அநியாயம் சித்தப்பா." அநியாயம்தான். ஆனால் நம் ஊரிலும் இதே முறைதான், தொகுதியில் ஒரு ஓட்டு அதிகம் வாங்கியவர் எம்.எல்.ஏ.

இது சும்மா அடுப்படிக் கணக்கு இல்லை. 2015-இல், ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் வெளியேறணும் என்று சொன்ன யூகிப் கட்சி 38 லட்சத்துக்கும் மேல் ஓட்டு வாங்கியது, 12.6 சதவீதம், கிடைத்தது கிளாக்டன் என்ற ஒரே தொகுதி. அதே தேர்தலில் ஸ்காட்லாந்து தேசியக் கட்சி நாடு முழுதுக்கும் பார்த்தால் 4.7 சதவீதம்தான், ஆனால் அத்தனையும் ஸ்காட்லாந்திலேயே குவிந்ததால் அங்கிருந்த 59 தொகுதியில் 56 அதற்கே. யூகிப் மிளகு, ஸ்காட்லாந்துக் கட்சி புளியங்கொட்டை.

சரி, இனிதான் முக்கியமான கட்டம். முதல் நாலு தட்டில் இருக்கிற காப்பிக் கொட்டையை இரண்டாகப் பிரியுங்கள், நாலு பச்சைக் கொட்டை, மூன்று வறுத்த கொட்டை. பெரிய கட்சியின் ஓட்டு உடைகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். இப்போது தட்டில் 4, 3, மிளகு 3. இன்னும் பச்சைக் கொட்டைதான் முன்னால். இனி ஒவ்வொரு தட்டிலும் ஒரே ஒரு பச்சைக் கொட்டையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு மிளகு வையுங்கள். 3, 3, மிளகு 4. நாலு தட்டும் மிளகுக்கு! 15 மிளகு 19 ஆனது, பூஜ்யம் நாலு ஆனது. அவள் கையிலிருந்த கடைசி மிளகைத் தட்டில் வைத்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், அதற்கு மேல் நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

பிரிட்டனில் இப்போது நடந்து கொண்டிருப்பது இந்த உடைசல்தான். 1951-இல் இரண்டு பெரிய கட்சிகளான கன்சர்வேடிவும் லேபரும் சேர்ந்து கிட்டத்தட்ட 97 சதவீத ஓட்டை வாரிக் கொண்டார்கள். 2024 ஜூலை 4 தேர்தலில் இரண்டும் சேர்ந்து சுமார் 57 சதவீதம். லேபர் 33.7 சதவீதத்தில் 650-க்கு 411 இடம் எடுத்தது, அதைப் பார்த்து அசைக்க முடியாத வெற்றி என்று பலர் எழுதினார்கள், எனக்கு அது உயரமான கட்டடமாகத் தெரிந்தாலும் அஸ்திவாரம் ஆழமாகத் தெரியவில்லை. லிபரல் டெமாக்ரட் கதையைப் பாருங்கள்: 2019-இல் 11.6 சதவீதம், 11 இடம். 2024-இல் 12.2 சதவீதம், 72 இடம். அவர்கள் ஓட்டு ஏறவே இல்லை என்று சொல்லலாம். எதிரில் இருந்த கன்சர்வேடிவ் 43.6-லிருந்து 23.7-க்குச் சரிந்தது, இவர்களும் ஜெயிக்கக்கூடிய தொகுதிகளில் மட்டும் ஆளையும் காசையும் இறக்கினார்கள். அதே தேர்தலில் நைஜல் ஃபராஜின் ரிஃபார்ம் யூகே கட்சி 14.3 சதவீதம், 40 லட்சத்துக்கும் அதிகமான ஓட்டு, வெறும் 5 இடம். பசுமைக் கட்சி 4 இடம்.

அதனால் நாடு முழுவதற்குமான சதவீதத்தை மட்டும் பார்த்து "தேறும், தேறாது" என்று சொல்கிறவரை நம்பாதீர்கள். தொகுதிக்கு வாங்க. உங்கள் தொகுதிப் பெயரைத் தேடினால் பிபிசி பக்கத்திலேயே முடிவு கிடைக்கும். ஒரு நோட்டில் நாலு விஷயம் எழுதிக் கொள்ளுங்கள்: ஜெயித்தவர் எத்தனை சதவீதம் வாங்கினார், இரண்டாவது யார், இடைவெளி எத்தனை ஓட்டு, அதற்கு முந்தின தேர்தலில் அந்த இரண்டு கட்சியும் எத்தனை வாங்கியிருந்தன. ஜெயித்தவர் பாதிக்கு மேல் வாங்கியிருந்தால் அந்தத் தொகுதியை இப்போதைக்கு விட்டுவிடலாம். 30-ஐ ஒட்டி வாங்கி ஜெயித்திருந்தால் பேனாவில் அடிக்கோடு போடுங்கள், அங்கே யார் வேண்டுமானாலும் அடுத்த முறை வரலாம். முன்னாள் பிரதமர் லிஸ் டிரஸ் தோற்ற தென்மேற்கு நார்ஃபோக்கில் ஜெயித்த லேபர் வேட்பாளர் வாங்கியது 26.7 சதவீதம்தான்.

லெஸ்டரையே எடுத்துக் கொள்வோம், அவளுக்காக நான் பார்த்தது அதைத்தான். லெஸ்டர் சவுத்தில் ஷாக்கத் ஆதம் என்ற சுயேச்சை, லேபரின் பெரிய தலையான ஜோனதன் ஆஷ்வொர்த்தை 979 ஓட்டில் தோற்கடித்தார். பக்கத்து லெஸ்டர் ஈஸ்டிலோ, லேபரின் முன்னாள் எம்.பி.க்கள் கிளாடியா வெப், கீத் வாஸ் இருவரும் தனித்தனியாக நின்று ஓட்டைப் பிரிக்க, நாடெங்கும் தோற்றுக் கொண்டிருந்த கன்சர்வேடிவ் கட்சி சுமார் 31 சதவீதத்தில் அந்த ஒரு தொகுதியை லேபரிடமிருந்து பிடுங்கியது. ஒரே ஊர், ஒரே நாள். ஓட்டு ஒரு இடத்தில் திரண்டால் சின்னவர் ஜெயிக்கிறார், சின்னவர்கள் நாலு பக்கம் சிதறினால் யாருமே நினைக்காத மூன்றாமவர் ஜெயிக்கிறார். சின்னக் கட்சிக்கு ஓட்டுப் போட நினைப்பவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு எடுக்கணும் என்பது என் கருத்து.

இரண்டாம் இடத்தை அலட்சியம் செய்யவே கூடாது. 2024-இல் ரிஃபார்ம் 98 தொகுதியில் இரண்டாவது, பசுமைக் கட்சி 40-இல் இரண்டாவது. 5 இடம், 4 இடம் என்ற எண்ணிக்கைக்குப் பின்னால் இப்படி ஒரு வரிசை காத்திருந்ததை அப்போது பலர் கவனிக்கவில்லை. ரன்கார்ன்-ஹெல்ஸ்பி தொகுதியில் லேபர் சுமார் 14,700 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்திருந்தது, இரண்டாவது ரிஃபார்ம். பத்து மாதத்தில், 2025 மே 1 அன்று இடைத்தேர்தல். ரிஃபார்ம் ஜெயித்தது, வித்தியாசம் 6 ஓட்டு. ஆறே ஆறு. நம் பக்கம் ஒரு வீட்டில் இருக்கிற ஓட்டு அது. "என் ஒரு ஓட்டு என்ன ஆயிடப் போகுது" என்று சொல்கிற பிள்ளைகளுக்கு நான் இந்த எண்ணைத்தான் சொல்கிறேன்.

அடுத்து கவுன்சில் தேர்தல். நம் ஊர் உள்ளாட்சி மாதிரிதான், பலர் கண்டுகொள்வதில்லை. ஆனால் சின்னக் கட்சி வேர் விடுவது அங்கேதான். பிரிஸ்டல் நகர கவுன்சிலில் 2024 மே மாதம் 70-இல் 34 இடத்தைப் பசுமைக் கட்சி பிடித்தது, இரண்டே மாதத்தில் பிரிஸ்டல் சென்ட்ரல் எம்.பி. தொகுதியும் அவர்களுக்கு வந்தது. குப்பை எடுக்கவில்லை, பஸ் வரவில்லை என்று வீடு வீடாகப் போய்ப் பேசின ஆட்கள் இல்லாமல் இது நடக்காது. ரிஃபார்மும் 2025 மே உள்ளாட்சித் தேர்தலில் 677 கவுன்சிலர்களைப் பிடித்தது. ஒரு சின்னக் கட்சியைப் பற்றி டிவியில் மட்டும் கேள்விப்படுகிறீர்கள், உங்கள் வார்டில் அதன் கவுன்சிலர் ஒருவர்கூட இல்லை, துண்டறிக்கைகூட வரவில்லை என்றால் உங்கள் தொகுதியில் அது இன்னும் மிளகுதான்.

எந்தத் தேர்தல் என்பதையும் பார்க்கணும். ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தில் விகிதாசாரம் கலந்த முறை, வட அயர்லாந்துச் சட்டமன்றத்துக்கு வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்தி ஓட்டுப் போடுகிற முறை. அங்கெல்லாம் வீணாகும் என்ற பயம் வெகுவாகக் குறைந்துவிடும், மனசுக்குப் பிடித்த கட்சிக்கே போடலாம். வெஸ்ட்மினிஸ்டர் என்கிற பிரிட்டன் நாடாளுமன்றத்துக்கான முறையை லேசாக மாற்ற 2011-இல் வாக்கெடுப்பு வைத்தபோது கிட்டத்தட்ட 68 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள், அதனால் அங்கே தட்டுக் கணக்குதான்.

இன்னொன்று, இது கொஞ்சம் நுட்பமானது. இடமே ஜெயிக்காமல் பெரிய கட்சியை வளைக்கிற வழியும் உண்டு. யூகிப் நாடாளுமன்றத்தில் ஒன்றுமில்லாமல் இருந்தபோதுதான், தன் ஓட்டை அது தின்றுவிடும் என்ற பயம் கன்சர்வேடிவ் கட்சிக்குள் கிளம்பி, 2013 ஜனவரியில் டேவிட் கேமரூன் ஐரோப்பிய ஒன்றிய வாக்கெடுப்புக்கு வாக்குக் கொடுத்தார். 2016-இல் 51.9 சதவீதம் வெளியேறச் சொன்னது. ஒரு நாட்டின் போக்கையே திருப்பியது அது, பிரெக்ஸிட் என்கிற அந்த வெளியேற்றம் நல்லதா கெட்டதா என்பது வேறு பேச்சு. ஆகவே உங்கள் சின்னக் கட்சி சொல்கிற விஷயத்தை எதிர்ப் பெரிய கட்சி ஆறு மாதத்தில் தன் வாயால் பேச ஆரம்பித்திருக்கிறதா என்று பாருங்கள். பேசினால் அந்த ஓட்டு வேலை செய்திருக்கிறது.

கைவிட்ட கதைகளும் இருக்கின்றன, மறைக்கக் கூடாது. 1983-இல் லிபரலும் சோஷியல் டெமாக்ரட்டும் சேர்ந்து 25 சதவீதம் வாங்கினார்கள், லேபரை விட 2 சதவீதம்தான் குறைவு. லேபருக்கு 209, இவர்களுக்கு 23. 2010-இல் 57 இடத்தோடு கன்சர்வேடிவ் ஆட்சியில் சேர்ந்த லிபரல் டெமாக்ரட், கல்லூரிக் கட்டணத்தை ஏற்றமாட்டோம் என்ற வாக்கை மீறி, 2015-இல் 8 இடத்துக்குச் சுருங்கியது. பெரிய கட்சியோடு சேர்ந்தால் பழி முழுக்கச் சின்னவன் தலையில் விழும், நம் ஊர்க் கூட்டணிகளிலும் பார்த்ததுதானே. இருந்தாலும், 1983-இல் இரண்டு பெரிய கட்சியும் சேர்ந்து 70 சதவீதம் வைத்திருந்தன, இப்போது அந்தக் கோட்டை இல்லை. அதனால் இன்றைக்குக் கேட்டால், தேறும் என்றுதான் சொல்வேன், ஓட்டு ஒரு இடத்தில் குவிகிற கட்சியாக இருந்தால்.

ஓட்டுப் போடப் போகிறவர்களுக்கு: பதிவை ஆன்லைனிலேயே செய்யலாம், தேர்தலுக்கு 12 வேலை நாளுக்கு முன்னால் முடித்துவிடணும், கடைசி நேரம் வரை விடாதீர்கள். வாக்குச்சாவடிக்குப் படம் போட்ட அடையாள ஆவணம் வேண்டும். நம் இந்தியப் பாஸ்போர்ட் செல்லும், ஆனால் 2024-இல் கல்லூரி அட்டையைக் காட்டினால் செல்லவில்லை. உள்ளே மெஷின் இருக்காது, சீட்டில் பென்சிலால் பெருக்கல் குறி போடணும். காலை 7 முதல் இரவு 10 வரை நேரம் இருக்கிறது.

சேலத்தில் இருந்து பார்ப்பவர்களுக்கு: அடுத்த பொதுத் தேர்தல் 2029 ஆகஸ்டுக்குள் வந்தாக வேண்டும். கோடைக்காலத் தேர்தலாக இருந்தால் அங்கே இரவு 10 என்பது நமக்கு அதிகாலை 2.30. அந்த நிமிஷமே எக்ஸிட் போல் வந்துவிடும். சாயங்காலமே தட்டுவடை செட்டு வாங்கி வைத்துக் கொண்டு, கொஞ்சம் தூங்கி எழுந்து உட்காருங்கள். 2024-இல் முதல் முடிவு சண்டர்லேண்ட் பக்கத்திலிருந்து 3.45 வாக்கில் வந்தது. ஜெயித்தவர் பெயரை டிவிக்காரர்கள் கத்திச் சொல்லும்போது, நீங்கள் இரண்டாம் இடத்தில் இருக்கிற பெயரை நோட்டில் எழுதிக் கொள்ளுங்கள்.