தமிழ் மட்டும் அசையவில்லை

வெள்ளவத்தையில் எங்கட சின்னக் கந்தோரில் வேர்ட் சந்தா முடிய, லிப்ரே ஒஃபிஸ் என்ற இலவச மென்பொருளுக்கு மாறினோம். வேர்டில் பழகின ரிப்பனை, அதாவது மேலே இருக்கிற கருவிப் பட்டையைக் காணேல்லை; வியூ மெனுவில் யூசர் இன்டர்ஃபேஸ் போய் 'டாப்ட்' என்று மாற்ற, கிட்டத்தட்ட வந்துவிட்டது.

தலையிடி தந்தது தமிழ்தான். எழுத்துருவை மாற்றி வைத்தாலும் புதுக் கடிதத்தில் ஆங்கிலம் மட்டும் மாறும், தமிழ் அசையாது. இரண்டு நாள் மண்டையைப் பிய்த்த பிறகே விளங்கியது: லிப்ரே ஒஃபிஸில் கடிதம் எழுதும் பகுதியான ரைட்டர் தமிழுக்கும் சிங்களத்துக்கும் எழுத்துருவைத் தனியாக வைத்திருக்கிறது. டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லாங்குவேஜஸ் பகுதியில் 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' (சுருக்கமாக சிடிஎல்; தமிழ், சிங்களம் போன்ற எழுத்துகளுக்கானது) என்பதில் டிக் போட்டேன். பிறகு ரைட்டரின் 'பேசிக் ஃபொன்ட்ஸ் (சிடிஎல்)' பக்கத்தில் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு, அளவு 11 என்று வைத்தேன்.

அடுத்த கடிதம் ஒழுங்காக வந்தது. கடைசிச் செயலைத் திருப்பிச் செய்ய கை இன்னும் வேர்டின் எஃப்4க்குத்தான் ஓடுது, இங்கே கன்ட்ரோல்-ஷிஃப்ட்-வை.