மூன்று டொமைன், ஒரே சர்வர்: ரவுண்ட்கியூப் வெப்மெயில் செட்டப்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே முதலாளிக்கு மூன்று கம்பெனிகள். மூன்றுக்கும் தனித்தனி டொமைன், மெயில் ஓடுவது மட்டும் ஒரே சர்வரில். ஒவ்வொருவரும் தங்கள் கம்பெனி பெயரிலேயே வெப்மெயிலைத் திறக்க வேண்டும், பிரவுசர் எச்சரிக்கை எதுவும் காட்டக் கூடாது. இதுதான் வேலை. உபுண்டுவில் என்ஜின்எக்ஸ் (வெப் சர்வர்), போஸ்ட்ஃபிக்ஸ் (மெயில் அனுப்பி வாங்குவது), டொவ்காட் (பெட்டியிலிருந்து மெயிலை எடுத்துக் கொடுப்பது) ஏற்கெனவே ஓடுகின்றன, ரவுண்ட்கியூப் 1.6 இறக்கி வைத்தாகிவிட்டது என்று வைத்துக்கொள்கிறேன். ஸ்னாப்பிமெயில் என்ற இன்னொரு வெப்மெயில் வேகமானதுதான். ஆனாலும் கம்பெனி வேலைக்கு என் ஓட்டு ரவுண்ட்கியூபுக்கே.

1. டிஎன்எஸ்: மூன்று டொமைனிலும் 'வெப்மெயில்' என்று ஓர் ஏ ரெக்கார்டு (பெயரை ஐபி முகவரியோடு இணைக்கும் பதிவு) போட்டு, சர்வரின் ஐபிக்குத் திருப்புங்கள்.

2. சான்றிதழ்: சர்ட்பாட் என்ற கருவி மூலம் லெட்ஸ் என்கிரிப்ட் தரும் இலவச சான்றிதழ் வாங்குங்கள். 80-ஆம் போர்ட் திறந்திருக்க வேண்டும். முதலில் 'டிரை ரன்' (ஒத்திகை) ஓட்டிப் பார்த்துவிடுங்கள். ஒரே பெயருக்கு ஒரு மணி நேரத்தில் ஐந்து முறை தோற்றால் கொஞ்ச நேரம் கதவைச் சாத்திவிடுவார்கள். மூன்று பெயரையும் ஒரே சான்றிதழில் அடக்கலாம், ஆனால் வேண்டாம். நாளைக்கு ஒரு டொமைனைப் புதுப்பிக்க மறந்தால், புதுப்பித்தல் மூன்றுக்கும் சேர்த்தே நின்றுபோகும். போதாக்குறைக்கு, சான்றிதழைத் திறந்து பார்க்கிற யாருக்கும் மூன்றும் ஒரே வீட்டுக் கம்பெனிகள் என்று தெரிந்துவிடும்.

3. என்ஜின்எக்ஸ்: டொமைனுக்கு ஒரு சர்வர் பிளாக் (ஒரு பெயருக்கான அமைப்புப் பகுதி). மூன்றின் ரூட்டும் ரவுண்ட்கியூபின் 'பப்ளிக்_ஹெச்டிஎம்எல்' ஃபோல்டர்தான். தெரியாத பெயரில் வருகிறவர்களுக்காக டீஃபால்ட் பிளாக் ஒன்று வைத்து, 444 (பதிலே சொல்லாமல் மூடும் என்ஜின்எக்ஸ் குறியீடு) கொடுத்து இணைப்பைத் துண்டியுங்கள். இது எதற்கு என்று ஐந்தாவது படியில் புரியும்.

4. ஐமேப் (ரவுண்ட்கியூப் டொவ்காட்டிடம் மெயிலை வாங்கும் வழி) இணைப்பு: மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். எல்லாம் ஒரே சர்வரில்தானே இருக்கிறது என்று ரவுண்ட்கியூப் கன்ஃபிக் கோப்பின் 'ஐமேப்_ஹோஸ்ட்' வரியில் எஸ்எஸ்எல், லோக்கல்ஹோஸ்ட், 993 என்று கொடுத்தால், லாகின் பக்கம் அழகாக வரும். பாஸ்வேர்டு போட்டதும் 'கனெக்‌ஷன் டு ஸ்டோரேஜ் சர்வர் ஃபெயில்ட்' என்று நிற்கும். டொவ்காட் லாகில் பாஸ்வேர்டு தவறு என்று ஒரு வரிகூட இருக்காது. காரணம், ரவுண்ட்கியூப் பிஎச்பி மொழியில் எழுதப்பட்டது, 2014-இல் வந்த பிஎச்பி 5.6 முதல் எதிர்முனைச் சான்றிதழில் உள்ள பெயரும் சரிபார்க்கப்படுகிறது. உங்கள் சான்றிதழில் 'லோக்கல்ஹோஸ்ட்' என்ற பெயர் எங்கே இருக்கிறது?

தேடினால் 'வெரிஃபை_பியர்' (இந்தச் சரிபார்ப்புக்கான சுவிட்ச்) என்பதை ஃபால்ஸ் ஆக்கச் சொல்லுவார்கள். செய்யாதீர்கள். நாளைக்கு மெயிலை வேறு சர்வருக்கு மாற்றும்போது அந்த வரி அப்படியே கூட வரும், நடுவில் யார் உட்கார்ந்தாலும் தெரியாது. டொவ்காட் சான்றிதழில் உள்ள பெயரையே, உதாரணத்துக்கு மெயில்.எக்ஸாம்பிள்.காம், ஐமேப் ஹோஸ்டாகக் கொடுங்கள். அதே பெயரை சர்வரின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் 127.0.0.1 என்று எழுதிவிடுங்கள். போக்குவரத்து வெளியே போகாது, பெயரும் பொருந்தும். வெளிமுகம் மூன்றானாலும் உள்ளே ஐமேப் பெயர் ஒன்று போதும். 587-ஆம் போர்ட்டில் போகும், மெயில் அனுப்பும் எஸ்எம்டிபிக்கும் இதே கதைதான்.

பழைய விளக்கங்களில் வரும் 'டீஃபால்ட்_ஹோஸ்ட்' 1.6-இல் 'ஐமேப்_ஹோஸ்ட்' ஆகிவிட்டது, குழம்ப வேண்டாம்.

5. பெயர் மட்டும் போட்டு லாகின்: 'யூசர்நேம்_டொமைன்' வரியில் சதவீதக் குறி, அதன்பின் ஆங்கிலத்தின் நான்காவது எழுத்து சிறியதாக. பிரவுசரில் இருக்கும் முகவரியின் முதல் துண்டை வெட்டிவிட்டு மீதியை ரவுண்ட்கியூப் தானே சேர்த்துக்கொள்ளும். வெப்மெயில்.எக்ஸாம்பிள்.நெட் போய் 'அக்கவுண்ட்ஸ்' என்று போட்டால், எக்ஸாம்பிள்.நெட்டின் அக்கவுண்ட்ஸ் பெட்டிதான் திறக்கும். இந்தப் பெயர் பிரவுசர் அனுப்புவது, யாரும் பொய்ப் பெயரும் அனுப்பலாம், அதனால்தான் மேலே அந்த 444.

6. பூட்டு: இன்ஸ்டாலர் ஃபோல்டரை அழியுங்கள். 1.6.11-க்குக் கீழே இருந்தால் இன்றே மேம்படுத்துங்கள். லாகின் செய்த ஒருவர் சர்வரிலேயே கட்டளை ஓட்டக்கூடிய ஓட்டை 2025 ஜூனில்தான் அடைக்கப்பட்டது. அப்புறம் ஃபெயில்2பேன் (திரும்பத் திரும்பத் தப்பு பாஸ்வேர்டு போடும் ஐபியைத் தடுக்கும் கருவி), அதில் ரவுண்ட்கியூப் ஃபில்டர் தயாராகவே இருக்கிறது.

பிற்சேர்க்கை: கருத்துப் பகுதியில் இருவர் ஒரே சிக்கலைக் கேட்டிருந்தார்கள். சான்றிதழ் புதுப்பித்தாகிவிட்டது, வெப்மெயில் சரி, அவுட்லுக் மட்டும் காலாவதி என்கிறது. டொவ்காட் பழைய கோப்பையே நினைவில் வைத்திருக்கிறது. சர்ட்பாட்டின் 'டிப்ளாய்' ஹூக் ஃபோல்டரில் (புதுப்பித்ததும் தானாக ஓடும் ஸ்கிரிப்ட்கள் இருக்கும் இடம்) என்ஜின்எக்ஸ், டொவ்காட், போஸ்ட்ஃபிக்ஸ் மூன்றையும் ரீலோட் செய்யும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று போடுங்கள், எக்ஸிக்யூட் அனுமதியோடு. காலாவதி நெருங்கும்போது லெட்ஸ் என்கிரிப்ட் அனுப்பிவந்த நினைவூட்டல் மெயிலும் 2025 ஜூன் முதல் கிடையாது, தேதியைக் கண்காணிக்க நீங்களே ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள்.